பட்டியலில் இரண்டாவது பெயர்

விதவைகளிலும் வரிசை உண்டென்று
கிராம அலுவலகத்துச் சுவரில்தான் தெரிந்துகொண்டேன்.
ஜிபார் முதலாவது.
அவள் புருஷன் மாஸ்கோவில்
ஒன்பதாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து
துத்தநாகப் பெட்டியில் ஊர் திரும்பியவன்.
என்னுடையவன் குடித்துக் குடித்து
வீட்டிலேயே மஞ்சள் பூத்துப் போனவன்.
சோனுன், பிள்ளைகள் இரண்டு, என்று
இரண்டாவதாக எழுதியிருந்தார்கள்.
எனக்குக் கீழே கலிபா.

லாரியிலிருந்து இறங்கியது ஒரே ஒரு பசு.
செம்மண் நிறம். காதில் மஞ்சள் வில்லை. நானூற்றுப் பதினேழு.
கொடுத்தவர்கள் யாரோ, எந்தத் தேசமோ.
கூட வந்த பையன்
நிபந்தனையை இரண்டு தடவை வாசித்தான்:
ஈனும் முதல் கிடாரி
பால்குடி மறந்ததும் அடுத்த பெயருக்கு.
காளையானால் வளர்த்தவளுக்கே.
ஜிபார் கையெழுத்துப் போட்டாள்.
நான் சினைவயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பாலம் தாண்டிப் போனேன்.
வெறுங்கையோடு எப்படிப் போவது?
ஒரு கட்டு உலர்புல்,
ஒருநாள் உருளைக்கிழங்குத் தோல்,
ஒன்றும் இல்லாத அன்று
சாணி வழித்துக் காயப்போட்டுக் கொடுத்தேன்.
என்னைப் பார்க்க வந்தாயா, மாட்டைப் பார்க்கவா என்று
ஜிபார் ஒருநாளும் கேட்டதில்லை.

மார்ச் பனியில் ஈன்றது.
காளை.
தானே செய்த தப்புப்போல
ஜிபார் மன்னிப்புக் கேட்டாள்.
அதனால் என்ன என்றேன்.
திரும்பும்போது பாலத்தின் நடுவில் நின்று
ஆற்றைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
மாட்டுக்கா, ஆண்டவனுக்கா, அந்தப் பட்டியலுக்கா,
எனக்கே தெரியாது.

அதன்பிறகு எண்ண ஆரம்பித்தேன்.
காலையில் ஐந்து லிட்டர், மாலையில் நான்கு.
பால்வண்டிக்கு ஆறு.
காளைக்கன்று விற்ற காசில்
கிழிந்த பிளாஸ்டிக் இருந்த ஜன்னலில் கண்ணாடி,
ஒரு வண்டி நிலக்கரி,
மகள் அய்தைக்கு ரோமம் வைத்த பூட்ஸ்.
அவள் கன்னம் சிவந்ததைக்கூட எண்ணினேன்.

அந்த அய்தைதான்
சாயங்காலம் ஒரு ஜாடி பாலோடு வந்து நிற்பாள்.
"கடன் இல்லேன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க."
இரண்டு வருஷமாகக் கறுத்திருந்த எங்கள் தேநீர் வெளுத்தது.
என் எர்மெக்கின் மேலுதட்டில் வெள்ளை மீசை.
வாங்கிக்கொண்டேன்.
பொறாமைப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஈற்று நடுராத்திரியில்.
கணவாய்க்கு அந்தப் பக்கம் மாட்டு வைத்தியர்,
இந்தப் பக்கம் இடுப்பளவு பனி.
கன்றின் ஒரு கால் மடங்கிக் கிடந்தது உள்ளே.
ஜிபாரின் கை தடித்தது. என்னுடையது ஒல்லி.
முழங்கை வரை சோப்புப் பூசிக்கொண்டு
அந்த வெந்நீர் இருட்டுக்குள் துழாவினேன்,
குளம்பு கிடைத்தது, நழுவியது, கிடைத்தது.
ஒன்று சொல்ல வேண்டும்.
கயிறு கட்டி இழுத்த அந்த ஒருமணி நேரத்தில்
கிடாரியா காளையா என்று
ஒருதடவைகூட நான் நினைக்கவில்லை.

வைக்கோலில் சரிந்து தும்மியது கன்று.
பசு நக்கியது.
லாந்தரைத் தாழ்த்தி வாலைத் தூக்கிப் பார்த்த ஜிபார்
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, "உன்னுது" என்றாள்.

ஆறு மாதம் கழித்துத் தானே ஓட்டிவந்தாள்.
அய்தை பாதி வழிவரை அழுதுகொண்டு வந்து
பாலத்தோடு நின்றுவிட்டாள்.
கயிற்றை என் கையில் வைத்தபோது
ஜிபாரின் விரல்கள் உடனே விடவில்லை.
நானும் பிடுங்கவில்லை.

மறுநாள் விடியலில் படல் ஓரத்தில் கலிபா,
அக்குளில் ஒரு கட்டுப் புல்.
என் முகத்தைப் பார்க்கவில்லை அவள்.
"இன்னும் குட்டிதான் கலிபா,
பருவத்துக்கு வரவே ஒரு வருஷமாகும்."
"தெரியும்" என்றாள்.
புல்லை வைத்தாள்.
உள்ளே வந்து
தொழுவத்தைக் கூட்டத் தொடங்கினாள்.